ஓவர்சியர் பதில்கள்: குறைந்த விலைக்காரருக்கே ஏன் வேலை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். மழையில் கரைந்த சாலைகளைப் பார்த்த கோபத்தில், அரசாங்கம் கான்ட்ராக்டரை எப்படித்தான் பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1979-ல் ஓவர்சியராக வேலைக்குச் சேர்ந்தவன். உதவிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்ற பிறகும் கோபியில் யாரும் அந்தப் பழைய பட்டத்தை விடுவதாக இல்லை. கழிவுநீர்த் தொட்டி, சுவர் விரிசல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ச் சாலையை ஐப்பசியில் போட்டார்கள். தைப்பூசத்துக்குள் ஜல்லி தெரிகிறது. விலை குறைத்துக் கேட்டவருக்கே வேலை என்று சட்டம் இருக்கும்வரை வேறென்ன நடக்கும்?
*ஒரு வாசகி, பெருந்துறை*

அம்மணி, உங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒருமுறை மஞ்சள் ஏலம் பார்க்கப் போய்வாருங்கள். என் அப்பா காலத்தில் நாங்கள் ஈரோட்டுக்குத்தான் மூட்டை கொண்டுபோவோம். வியாபாரிகள் குவியல் குவியலாக நடந்து வருவார்கள். ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் சீட்டில் விலையை எழுதிப் போடுவார்கள். எல்லாச் சீட்டையும் ஒன்றாகத் திறந்து, அதிக விலை எழுதியவர் பெயரைச் சொல்வார்கள். மறைமுக ஏலம் என்பது இதுதான். அந்த விலை கட்டாது என்றால், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல விவசாயிக்கு உரிமை உண்டு.

டெண்டர் அந்த ஏலத்தைத் தலைகீழாகப் பிடித்தது. அங்கே விற்பவர் ஒருவர், வாங்குபவர் பலர். அதிக விலைக்கு மதிப்பு. இங்கே வாங்குவது அரசாங்கம், வேலையை விற்க வருபவர்கள் பலர். குறைந்த விலைக்கு மதிப்பு. எல்லா டெண்டரையும் தள்ளிவிட்டு மறுபடி கேட்கும் உரிமை அரசாங்கத்துக்கும் உண்டு.

ஆனால் "குறைந்த விலை" என்பதற்கு முன்னால் ஒரு சொல் விடுபட்டுப் போகிறது. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை. ஓரளவு பெரிய வேலை என்றால் உறை இரண்டு. முதல் உறையில் இதற்கு முன் இதே போன்ற வேலை செய்த சான்று, ஆண்டு வரவு செலவு, இயந்திரங்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். அதில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். தேறியவர்களில் குறைத்துக் கேட்டவர்தான் நாங்கள் எல்-1 என்று சொல்லும் ஆள். அவர் கேட்ட விலையும் சந்தை நிலவரத்தைவிட அதிகம் என்று தோன்றினால், அவரை மட்டும் கூப்பிட்டுக் குறைத்துப் பேசலாம். இரண்டாவது ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசக் கூடாது. தமிழ்நாட்டில் 1998-ல் இதற்கென்றே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. விதிகள் 2000-ல் வந்தன.

தரத்துக்கும் மதிப்பெண் போட்டு, விலையோடு சேர்த்துப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் கட்டுமான வேலைகளுக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டது. தரம் முக்கியம் என்று முன்கூட்டியே அறிவித்த வேலைகளில், விலை அல்லாத விஷயங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணைப் போடப் போவது யார்? என்னைப் போன்ற ஆள்தான். விலை என்பது எண். அதை மாற்ற வேண்டுமானால் திருட வேண்டும். மதிப்பெண்ணை மாற்ற, பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும். அதனால்தான் எனக்கு எல்-1 முறைமேல் பலருக்கு இருக்கும் வெறுப்பு இல்லை.

வெறுக்க எனக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1994-ல் நான் சொந்த வீடு கட்டியபோது மூன்று மேஸ்திரிகளிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவருக்கே கொடுத்தேன். அந்த வருடம் முழுக்க எனக்கு வெளியூரில் வேலை. கட்டும்போது பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. சமையலறைத் தளம் ஒழுகும் இடத்தில் என் மனைவி இன்றைக்கும் மழைக்கு ஒரு போசி வைக்கிறார். வைக்கும்போது என்னைத்தான் பார்ப்பார். அவர் மேஸ்திரியைத் திட்டி நான் கேட்டதில்லை. உங்கள் சாலையிலும் முதலில் கேட்க வேண்டியது, தார் ஊற்றிய அன்று அங்கே நின்ற அதிகாரி யார் என்பதுதான்.

மதிப்பீட்டைவிட 25 சதவீதம் குறைவாக எடுத்துக்கூடச் சிலர் வேலை செய்கிறார்களே! அரசு எஸ்டிமேட் அவ்வளவு ஊதிப்போனதா?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாராபுரம்*

ஐயா, நீங்கள் ஏலச்சீட்டு போட்டிருப்பீர்கள். எடுத்த எடுப்பில், முதல் மாதமே பெரிய கழிவுக்குச் சீட்டை எடுப்பவர் யார்? பணமுடையில் இருப்பவர். மகளுக்குக் கல்யாணம், இல்லை பழைய கடனுக்கு நெருக்கடி. கான்ட்ராக்டும் அப்படித்தான். முந்தைய வேலையின் ஜல்லிக்காரருக்கும் டீசல் பங்க்குக்கும் பாக்கி நிற்கும்போது, புது வேலையின் முதல் பில்லை வைத்து அதை அடைக்கலாம் என்று ஆழமாக இறங்குவார்கள். அதை அடைத்ததும் புது வேலைக்குப் பணம் இராது. அதற்காக இன்னொரு வேலை எடுப்பார்கள். பாதியில் நிற்கும் பல பாலங்களுக்கு அடியில் இந்தக் கணக்குத்தான் கிடக்கிறது.

சிலருக்குச் சொந்த ஜல்லி கிரஷர் இருக்கும், லாரி இருக்கும். அவர்களுக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகும். இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் மிகக் குறைத்துக் கேட்டால் கூடுதல் வைப்புத்தொகை கட்டச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ம் ஆண்டு நெறிமுறைப்படி, நம்ப முடியாத விலையைப் பார்த்ததும் தள்ளிவிட முடியாது. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று முதலில் விளக்கம் கேட்டாக வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால்தான் தள்ளலாம். அமெரிக்காவில் 1935-ல் வந்த மில்லர் சட்டத்தின்படி, பெரிய மத்திய அரசுக் கட்டுமானம் எடுப்பவர் வேலையை முடிப்பேன் என்பதற்கு ஒரு ஜாமீன் நிறுவனத்தின் உறுதிப் பத்திரம் கொண்டுவர வேண்டும். ஓடிப்போனால் அந்த ஜாமீன்காரர் பொறுப்பு. அதனால் அங்கே ஆளை எடைபோடும் வேலையில் பாதியைத் தன் பணத்துக்குப் பயந்து ஜாமீன்காரரே செய்துவிடுகிறார்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. அதை விளக்கச் சென்னிமலைப் பக்கத்து உதாரணம் ஒன்று போடுகிறேன். எண்கள் நான் போட்டவை. ஒரு வேலையில் மண், பாறை, கான்கிரீட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதச் சொல்கிறார்கள். எஸ்டிமேட்டில் பாறை வெட்டுவது 20 கன மீட்டர்தான். ஒருவர் பாறைக்கு 600 ரூபாய் எழுதுகிறார். மற்றவர் 3,000 எழுதுகிறார்; காகிதத்தில் இதனால் கூடுவது 48,000 ரூபாய். ஆனால் அவர் மண், கான்கிரீட், பூச்சு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு லட்சம் குறைத்துவிடுகிறார். ஆகவே 52,000 ரூபாய் குறைவாக அவரே எல்-1. வேலை தொடங்கித் தோண்டினால் பாறை 20 அல்ல, 150 கன மீட்டர். கூடுதலாக வந்த 130 கன மீட்டருக்கு, முதல் ஆள் விலையைவிட 3,12,000 ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டும். 52,000 மிச்சம் பிடிக்கப் போய் 2,60,000 நஷ்டம்.

அந்தக் கான்ட்ராக்டருக்குப் பாறை எப்படித் தெரிந்தது? அந்த ஊரில் அவர் மாமனார் வீட்டுக் கிணற்றை வெடி வைத்து இறக்கியதைப் பார்த்திருப்பார். எஸ்டிமேட் போட்ட பொறியாளர் ஜீப்பை விட்டு இறங்கியிருக்க மாட்டார். அளவு எல்லை மீறினால் விலையைத் திருத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கும்தான். அதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகும் அலுவலர்கள் குறைவு.

ஐந்து பேர் டெண்டர் போட்டார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஐந்தும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?
*நெல் அரவை ஆலைக்காரர், காங்கேயம்*

தெரியாமல் எங்கே போகிறது!

பெட்டி காலத்து டெண்டர் திறப்பு ஒன்றைச் சொல்கிறேன். மாலை 3 மணிக்குப் பெட்டியின் அரக்கு முத்திரையை எல்லோருக்கும் காட்டி உடைப்போம். உறைகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, அடித்துத் திருத்திய இடங்களை வட்டமிட்டு எண்ணிக்கையை எழுதி, அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஒருநாள் அப்படி நான்கு உறைகள். நான்கிலும் பசை ஒரே மாதிரி வழிந்து காய்ந்திருந்தது. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கு வைத்திருந்த வங்கி வரைவோலைகளை மேசையில் வரிசையாக வைத்தேன். ஒரே வங்கிக் கிளை, ஒரே தேதி, நான்கும் அடுத்தடுத்த எண்கள். ஒரே ஆள் கவுன்ட்டரில் நின்று நான்கையும் வாங்கியிருக்கிறார். என் மேலதிகாரி அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "விலை வாசியுங்கள்" என்றார். நான் வாசித்தேன்.

இப்போது டெண்டர் இணையத்தில். எண்முறைக் கையொப்பம் உள்ளவர் வீட்டிலிருந்தே ஏற்றலாம். பெட்டி இருக்கும் அறை வாசலில் ஆட்களை நிறுத்தி மற்றவர்களை உள்ளே விடாத பழைய வித்தை போய்விட்டது. இது உண்மையான முன்னேற்றம். பசை போய், கணினி முகவரி வந்திருக்கிறது. மூன்று போட்டியாளர்களின் டெண்டரும் ஒரே கணினியிலிருந்து ஏறியிருந்தால் அந்தத் தடயம் அழியாது. பார்க்கத்தான் ஆள் வேண்டும். கூடிப் பேசி டெண்டர் போடுவது 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

இதைவிடச் சுத்தமான வழி ஒன்று உண்டு. அதில் யாரும் கூடிப் பேசத் தேவையே இல்லை. "வேலை நடக்கும் இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் சொந்தமாகத் தார்க்கலவை ஆலை இருக்க வேண்டும்" என்று நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும். தார்க்கலவை ஆறிப்போனால் வேலை கெடும், ஆகவே தூரம் முக்கியம் என்பது பொறியியல்படி சரியான வாதம். அந்தத் தூரத்துக்குள் ஒரே ஒருவருக்குத்தான் ஆலை இருக்கிறது என்பது தற்செயல்! நான் டெண்டர் அறிவிப்பைப் படித்தால் விலையைப் பார்ப்பதற்கு முன் தகுதி நிபந்தனைகளைத்தான் பார்ப்பேன். பல வேலைகளில் ஆள் அங்கேயே முடிவாகியிருக்கும்.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் நான்கு வருடம் தள வேலை பார்த்திருக்கிறேன். நானே டெண்டர் எடுக்க என்ன செய்ய வேண்டும்?
*இளைஞர், அந்தியூர்*

தம்பி, முதலில் எந்தத் துறையில் வேலை செய்யப் போகிறாயோ அங்கே ஒப்பந்ததாரராகப் பதிவு செய். பண வசதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். அந்த வகுப்புக்கு உரிய தொகை வரைதான் வேலை எடுக்கலாம். கீழ்வகுப்பில் தொடங்க வெட்கப்படாதே. ஜி.எஸ்.டி. எண், எண்முறைக் கையொப்பம் இரண்டும் கட்டாயம். முன்வைப்புத் தொகை வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் சாதாரணமாக இராது. வேலை கிடைத்தால் மேலும் பிணைத்தொகை, பில்லில் பிடித்தம் என்று உன் பணம் உள்ளே நிற்கும். அதைக் கணக்கில் வைக்காமல் விலை எழுதியவர்கள்தான் வட்டிக்கடையில் நிற்கிறார்கள்.

அவகாசத்தைக் கவனி. 2 கோடி ரூபாய் வரை உள்ள வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். டெண்டர் போட்ட உனக்கு அநியாயம் நடந்தது என்றால், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை டெண்டர் போட்டவருக்கு மட்டும். நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் நீதிமன்றம் முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும். உன் விலையை எடுத்துக்கொண்டு மறுபடி தராசில் வைக்காது. உச்ச நீதிமன்றம் 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உனக்கு நிஜமான எதிரி பேக்கேஜ் டெண்டர். பத்துச் சின்னச் சாலைகளைச் சேர்த்து ஒரே வேலையாக்கினால் உன் வகுப்புக்கு எட்டாது. பெரியவர் எடுப்பார், அவரிடம் நீ உள் ஒப்பந்தமாக வாங்கிச் செய்வாய். அவர் பங்கு போன மீதியில்தான் உன் ஜல்லியும் தாரும்.

டெண்டரே இல்லாமல் வேலை கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா?
*ஒரு வாசகர், சத்தியமங்கலம்*

உண்டு. வெள்ளம், விபத்து போன்ற அவசரத்துக்கு விலக்கு இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் வயலில் ஓடும்போது 15 நாள் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. உடைப்பை அடைத்த பிறகு அதே அவசரத்தைக் காட்டிப் பக்கத்தில் கலையரங்கம் கட்டினால் அது வேறு கதை.

டெண்டரும் சட்டமும் இல்லாத காலத்தில்தானே காளிங்கராயன் வாய்க்கால் வெட்டினார்கள்? அது இன்றும் ஓடுகிறதே?
*ஆசிரியை, பவானி*

நல்ல கேள்வி, அம்மணி. 13-ம் நூற்றாண்டு வேலை. வளைந்து வளைந்து போகும் அந்த வாட்டத்தை இன்று பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அந்தக் காலத்தில் கட்டி இடிந்துபோனவற்றை நாம் பார்ப்பதில்லை. நின்றதை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

ஊரில் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தன் நிலத்துக்குத் தண்ணீர் வரத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று யாரும் பேசக்கூடாது என்பதற்காக, அந்தத் தண்ணீரைத் தானும் தன் வம்சமும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுக் காளிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தானாம். இன்றைய சட்டம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. ஊராட்சி உறுப்பினர் அதே ஊராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் பதவிக்குத் தகுதியில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9-ஏ பிரிவு இருக்கிறது. அவர் பெயரில் அரசு ஒப்பந்தம் நடப்பில் இருக்கக் கூடாது. மச்சானைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை.

சாதாரண ஆள் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?
*தென்னை விவசாயி, உடுமலை*

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "சாலை ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்காதீர்கள்; அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டின் நகல், விலை ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, முடிந்த வேலையை அதிகாரி அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள்: வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டால் அலுவலகத்தில் நாற்காலி போடுவார்கள்.

மதிப்பீடு கையில் வந்ததும் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போங்கள். தோண்ட வேண்டாம், அது வம்பு. குழாய்க்காக ஏற்கெனவே வெட்டிய இடம் ஏதாவது இருக்கும். வெட்டுவாயில் அடுக்குகள் லட்டுப் பெட்டி மாதிரி தெளிவாகத் தெரியும். மேலே கருப்புத் தார்க்கலவை. கீழே இறுக்கிய ஜல்லி. மதிப்பீட்டில் தார்க்கலவை 20 மில்லிமீட்டர் என்று இருந்தால் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஓரம் எப்போதும் மெலிந்திருக்கும். நடுவில் நான்கைந்து இடம். 20-க்கு 18 என்றால் விட்டுவிடலாம். 20-க்கு 11 என்றால் அளவுப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது, கீழே யார் கையெழுத்து என்று பாருங்கள்.

மற்றவர்களைப் பற்றி நன்றாக எழுதுகிறீர்கள். நீங்கள் வாங்கியதே இல்லையா?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோபி*

பக்கத்துத் தெருக்காரராகத்தான் இருப்பீர்கள். பணம் வாங்கியதில்லை. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி, நோம்பிக்கு வாழைத்தார், ஒருமுறை வீட்டுக்கு வந்து இறங்கிய ஒரு வண்டிச் சர்க்கரை மூட்டை. மூட்டையைத் திருப்பி அனுப்பினேன், வாழைத்தாரை அனுப்பவில்லை.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். 1987-ல் ஒரு சிறு பாலத்துக்கு அடித்தளம் தோண்டியபோது எனக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது குழியில் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். ஆழம் எவ்வளவு என்று கொத்தனாரைக் கேட்டேன். சொன்னார். அவர் சொன்னதை அப்படியே, நானே நாடா பிடித்து அளந்தது போல, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கான்ட்ராக்டர் எல்-1, தகுதி, வைப்புத்தொகை, ஒப்பந்தம் எல்லாம் சட்டப்படி சரி. பாலம் இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் கைப்பிடிச் சுவருக்கும் சாலைக்கும் நடுவில் விரிசல் விட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். போன மாதம் வரை இல்லை.